ஹால் சாவி

அடியே, எப்படி இருக்க? உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பத்து நாளாச்சு, காவடி வேலைல வீடே தலைகீழா கிடந்துச்சு, விரதச் சமையல், மாமியார் பக்கத்து சொந்தக்காரங்க எல்லாம் வந்து தங்கினதுன்னு ஒரு நிமிஷம் உக்கார முடியல, கோவிச்சுக்காத. ஃபோன்ல பேசினா பாதி விட்டுப்போகும்னு தான் எழுதுறேன்.

ஊர்ப் பிள்ளைங்களுக்கு நீ நடத்துற சாயங்கால க்ளாஸை டிரஸ்ட்டா பதிவு பண்ணலாமான்னு கேட்டிருந்த. பண்ணுடி, யோசிக்காத. ஆனா உனக்கப்புறம் யாரு நடத்துவாங்கன்னும் இப்பவே பாரு. இதை நான் சும்மா சொல்லல, இங்க மொரிஷியஸ்ல எங்க சங்கத்துல மூணு மாசமா ஓடுனதே இந்தப் பேச்சு தான்.

எங்க மிஸ்ஸைப் பத்தி சொல்லிருக்கேன்ல, ரிட்டயர்டு ப்ரைமரி டீச்சர், ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல்காரங்க, ரோஸ் ஹில் பக்கத்துல ஒரு சித்தேல சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு ரவான்னு இந்த ஊர்த் தோல் மேளம், டான்ஸ், டிராயிங் எல்லாம் நடத்துறாங்க. சித்தேன்னா 1960ல கரோல் புயல்ல வீடு போனவங்களுக்கு கவர்ன்மென்ட் கட்டிக்குடுத்த மாதிரியான குடியிருப்பு, இப்ப அதுலயே மூணு தலைமுறை நெருக்கிக்கிட்டு இருக்காங்க. மிஸ்ஸுக்கு முட்டி போச்சு, இந்த வருஷத்தோட போதும்னுட்டாங்க. யாரை உக்கார வைக்கிறதுன்னு கமிட்டி கூடினா, அவங்க ஒரே பேரைத் தான் சொன்னாங்க, ஒன்பது வயசுல எங்ககிட்ட வந்து இப்ப இருபத்தாறு ஆகுற ஒரு பொண்ணு. ஆறாவதுல எழுதுற பரீட்சைல ரெண்டு தடவ ஃபெயில், அப்பல்லாம் அப்படி ஃபெயிலானா ப்ரீவோக்னு தனியா ஒரு பிரிவுல தள்ளிவிட்டுருவாங்க, அங்க போன பிள்ளைங்களை ஊரே மக்குன்னு முடிவு கட்டிரும். அவ தான் இன்னிக்கு நாப்பது பிள்ளைங்களை ஒரே கை அசைவுல உக்கார வைக்கிறா.

மொத எதிர்ப்பு நம்மாளு கிட்டேர்ந்து தான். ட்ரெஷரர், தமிழ் வாத்தியார், இங்கேயே பொறந்து வளர்ந்தவர், நல்ல மனுஷன், என்கூட தமிழ்லயே பேசணும்னு பிடிவாதமா இருப்பார். மீட்டிங் முடிஞ்சு மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, "அந்தப் புள்ளைக்கு ஒரு ஃபார்ம் எழுதத் தெரியாதுங்களே"ன்னார். எனக்கு சுருக்குன்னுச்சு. "ஃபார்ம் எழுத நீங்க சொல்லிக் குடுத்துரலாம் சார், எந்த வீட்ல அப்பா கப்பலுக்குப் போயிருக்காரு, எந்தப் பிள்ளை காலைல சாப்பிடாம வருது, யார் வீட்டுக் கதவை எப்ப தட்டக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியும், அதை நமக்கு யாரு சொல்லிக் குடுப்பா"ன்னேன். அவர் ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணும் பேசல. அடுத்த சனிக்கிழமை பழைய அப்ளிகேஷன் ஃபைலு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்து அவ பக்கத்துல உக்காந்துட்டார்.

ஃபார்ம் விஷயமும் சின்னது இல்லடி, அதைப் பத்தியும் சொல்றேன். இங்க 2009லேர்ந்து கம்பெனிங்க லாபத்துல 2% சிஎஸ்ஆருக்கு, அதாவது சமூகப் பணிக்கு, குடுக்கணும்னு சட்டம். ஆரம்பத்துல நேரா ஒரு கம்பெனி மேனேஜரைப் பாத்துப் பேசினா காரியம் ஆகும். 2017லேர்ந்து அதுல பெரும்பங்கு வரி ஆபீஸ் வழியா கவர்ன்மென்ட் ஃபவுண்டேஷனுக்குப் போயிருது, நாங்க அங்க தான் விண்ணப்பம் போட்டுட்டு காத்துக்கிடக்கணும். பெரிய சங்கங்களுக்கு இதுக்குன்னே ஆள் இருக்கு, எங்களை மாதிரி சின்ன இடத்துக்கு ஒரு வருஷம் பணம் லேட்டானா பிள்ளைங்களுக்குக் குடுக்குற ரொட்டியும் சீஸும் தான் மொதல்ல நிக்கும். உங்க ஊர்லயும் 2014லேர்ந்து அதே 2% சட்டம் இருக்கு, ஆனா டிரஸ்ட்டுக்கு மூணு வருஷ வேலை அனுபவம் காட்டணும்ல, அதுக்குத் தான் இப்பவே பதிவு பண்ணுங்கிறேன். யார் யார் வந்தாங்க, என்ன செலவாச்சுன்னு இன்னிக்கே ஒரு நோட்டு போட்டுரு. வருமான வரி விலக்குப் பதிவு எல்லாத்துக்கும் ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடி.

பணம் குடுக்குறவங்க கிட்ட ஒண்ணு மட்டும் மொதல்லயே கறாரா சொல்லிரு. ஒரு தடவ ஒரு கம்பெனிக்காரங்க பிள்ளைங்களை வரிசையா நிக்கவெச்சு பெரிய செக் அட்டையைப் பிடிச்சு நன்றி சொல்லச் சொல்லி ஃபோட்டோ எடுக்கக் கேட்டாங்க. மிஸ் முடியாதுன்னுட்டாங்க, வேணும்னா கச்சேரிக்கு வாங்க, டிக்கெட் வாங்கிட்டு வாங்கன்னாங்க. அந்தப் பணம் வரல. எனக்கு அன்னிக்கு வயிறு எரிஞ்சுது, ஆனா அந்தப் பிள்ளைங்க மிஸ் முகத்தைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கப்புறம் ஒருத்தர்கூட க்ளாஸுக்கு லேட்டா வரல.

ரோஷ் புவா கேள்விப்பட்டிருப்ப, தலைநகர் போர்ட் லூயிக்கு வடக்கால, துறைமுகத்தை ஒட்டி. 1999 பிப்ரவரில போலீஸ் காவல்ல செத்துப்போனாரே பாடகர் காயா, தீவே பத்தி எரிஞ்சுச்சே, அவர் ஊரு அது. அங்க ஜோசே தெரேஸ்னு ஒரு சாக்ஸபோன்காரர் மோசார்னு ஒரு இடம் வெச்சு ஏழைப் பிள்ளைங்களுக்கு ஜாஸ் சொல்லிக் குடுத்தாரு. 2014ல அவர் போயிட்டார். ஸ்கூல் நிக்கலடி. போ பாசின் பக்கம் பார்க்லில அபாயிம்னு ஒரு குழு 1982லேர்ந்து பிள்ளைங்களுக்கு நடத்துது, கிரியோல் மொழிலயே பாட்டும் ரவானுமா. அரசாங்க ஸ்கூல்ல கிரியோல் ஒரு பாடமா வந்ததே 2012ல தான், யோசிச்சுப் பாரு. இந்த மாதிரி இடமெல்லாம் ஒரு ஆளோட முடியாம ஓடுறதைப் பாத்துத் தான் மிஸ்ஸும் அந்தப் பொண்ணுக்காகப் பிடிவாதம் பிடிச்சாங்கன்னு நினைக்கிறேன்.

நானே மிஸ் க்ளாஸுக்குப் போன மொத வருஷம் பரதநாட்டியத்துத் தட்டடவு, ஆதி தாளம்னு ஆரம்பிச்சேன், ஹாஸ்டல்ல நமக்கு சொல்லிக் குடுத்த அதே வரிசைல. நாலு வாரத்துல மூணு பேர் மிச்சம். அந்தப் பொண்ணு தான், அப்ப பதினாலு வயசு, "எங்க தாளத்துக்கு நீங்க ஆடுங்க மிஸ்"னு என்கிட்ட சொன்னா. அவங்க செகா பாட்டு ஆறு எண்ணிக்கைல ஓடும், நம்ம திஸ்ரம் தான், தகிட தகிடன்னு சொன்னேன், பிள்ளைங்க ஒரே நொடில பிடிச்சுக்கிச்சு. கதவுகிட்ட நின்னதெல்லாம் உள்ள வந்துருச்சு.

போன சனிக்கிழமை தான் மிஸ் அந்தப் பொண்ணுகிட்ட ஹால் சாவியைக் குடுத்தாங்க. பேச்சு, மாலை ஒண்ணும் இல்ல. வெளிய சுவரோரமா சருகும் அட்டையும் போட்டு தீ மூட்டி ரவான் காய வெச்சிட்டிருந்தாங்க, ஆட்டுத்தோலு, மழை ஈரத்துல தொய்ஞ்சு போயிருந்துச்சு. நம்மூர்ல வைக்கோல் தீயில தப்பு மேளம் காய வைப்பாங்களே, அப்படியே தான், கண்ணு நிறைஞ்சுருச்சு எனக்கு. அந்தப் பொண்ணு ஒரு சின்னப் பையன் கையைப் பிடிச்சு தோல் மேல விரலால தட்ட வெச்சு, இன்னும் இல்ல, இன்னும் கொஞ்சம், இப்ப கேளுன்னு சொல்லிட்டிருந்தா. மிஸ் பின்னாலேர்ந்து வந்து அவ பாவாடைப் பையில சாவியைப் போட்டுட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போயிட்டாங்க. அவ திரும்பிப் பாக்கல, பையன் விரல்லயே கண்ணா இருந்தா.

உன் பிள்ளைங்கள்ல அப்படி யாராவது இருக்காங்களா? ஒருத்தியோ ஒருத்தனோ, பெரியவங்க இல்லாதப்ப மத்தவங்களை உக்கார வைக்கிற ஆளு? எழுது எனக்கு. அடுத்த லீவுக்கு ஊருக்கு வர்றேன், வரும்போது ரவான் ஒண்ணு கொண்டு வரேன், நீ எனக்கு நல்ல தப்பு ரெண்டு வாங்கி வெச்சிரு, என்ன விலைன்னு உங்க ஆசான்கிட்ட இப்பவே கேட்டு சொல்லு, இங்க வாத்தியார் கணக்குல எழுதணுமாம்.

உன்
ரூம்மேட்