தோணியில் கேமராவோடு போகும் மகளுக்கு

குளச்சல்

அன்பு மக்களே,

லீவு விட்டதும் மாலத்தீவில் கூட வேலை பார்க்கும் டீச்சர்மாரோடு தோணி எடுத்துத் தீவு தீவாகச் சுற்றப் போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயத்தினால் இல்லை. புதுக் கேமராவோடு போகிறாய், அதனால்தான். அம்மா வாந்தி மாத்திரையைப் பற்றி எழுதச் சொல்கிறாள். அதை அவளே போனில் சொல்வாள். நான் படம் எடுப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மாலத்தீவுப் படங்களை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எல்லாம் கரையில் நின்று எடுத்தவை. படகில் ஏறிவிட்டால் நிற்கிற இடமும் நகரும், எடுக்கிற பொருளும் நகரும். அதனால் கேமராவை எடுப்பதற்கு முன்னால் படகோட்டி எதையெல்லாம் பார்க்கிறாரோ அதையெல்லாம் நீயும் பார். காற்று எங்கிருந்து வருகிறது, அலை எந்தப் பக்கம் மோதுகிறது, வெயில் எங்கே நிற்கிறது. முட்டத்திலும் கடியபட்டணத்திலும் வள்ளக்காரர்களோடு கடலுக்குப் போய்ப் படம் எடுத்த காலத்தில் நான் அவர்களிடம் படித்தது இது. லென்ஸைப் பற்றிப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், போய் நிற்க ஆசையாக இருக்கும். அங்கேதான் ஆட்டமும் அதிகம், தண்ணீர் தெறிப்பதும் அதிகம். படகின் நடுவில் ஆட்டம் குறைவு. காலை அகற்றி, முழங்காலைத் தளர்த்தி நில். படகு ஆடட்டும், இடுப்புக்கு மேலே நீ ஆடாதே. விளிம்புப் பலகையில் முழங்கையை ஊன்றிவிடாதே. இஞ்சின் அதிர்வு மரத்தில் ஏறி, கையில் ஏறி, படத்தில் வந்து நிற்கும். ட்ரைபாடை ரூமிலேயே வைத்துவிட்டுப் போ. அதன் காலும் அதே பலகையில்தானே நிற்கப் போகிறது.

அலை படகைத் தூக்கும்போது உச்சியில் ஒரு கணம் வரும். அப்போது படகு ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. விரல் அந்தக் கணத்துக்குக் காத்திருக்கட்டும். கொஞ்ச நேரம் கேமரா இல்லாமல் சும்மா உட்கார்ந்து அலையின் தாளத்தைக் கேட்டால் உடம்புக்கே தெரிந்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கீழே இறக்காதே. ஓங்கல் (டால்பின்) துள்ளினாலோ பறக்கும் மீன் கிளம்பினாலோ 1/1000 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறன், ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பார்க்கவாவது முடியும், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள். திரையில் கட்டக்கோடு போட ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டு வை.

கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகில் பார்த்திருப்பாய். வள்ளுவர் சிலை பக்கத்தில் வந்ததும் எல்லாரும் கேமராவை அண்ணாந்து பிடிப்பார்கள். 133 அடி உயரச் சிலை படத்தில் பின்பக்கமாக மல்லாந்து நிற்கும். படகு துறையை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, தூரத்தில் இருக்கும்போதே ஜூம் லென்ஸில் எடுத்தால் நேராக நிற்கும். கண்ணாடிப் பாலமும் விவேகானந்தர் மண்டபமும் சேர்ந்து வரும். தீவுகளிலும் அப்படித்தான். கிட்டப் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே. தென்னை வரிசை தண்ணீர் மேலே கோடாகத் தெரியும் தூரம் ஒன்று இருக்கிறது. படகு அதைத் தாண்டிவிட்டால் உனக்காகத் திரும்பி வராது.

இனி வெளிச்சம். காலையும் மாலையும்தான் படத்துக்கு நேரம் என்று நானே உனக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். பவளத்திட்டுக்கு அது பொருந்தாது. வெயில் தாழ்ந்திருந்தால் கடல் வெறும் கண்ணாடி, உள்ளே ஒன்றும் தெரியாது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, வெயில் உயரத்தில் உன் முதுகுப் பக்கம் நிற்கும்போது பார். மணல் இருக்கும் இடம் வெளிர் பச்சை, திட்டு மேலே வந்திருக்கும் இடம் தவிட்டு நிறம், ஆழம் கருநீலம். தோணிக்காரர் திட்டுகளுக்கு நடுவே வழி கண்டுபிடிப்பதும் இந்த நிறங்களை வைத்துத்தான். அதனால் அவர் எப்போது கூரை மேலே ஏறி நின்று பார்க்கிறாரோ, அதுதான் உன் நேரமும். அவர் அனுமதித்தால் நீயும் ஏறு. உயரத்திலிருந்து பார்க்கப் பார்க்க நீருக்குள் தெரிவது கூடும்.

நீரின் பளபளப்பை அடக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் பில்டர் ஒன்று கண்டிப்பாக வாங்கு. நேர் கீழே பார்த்தாலும், தூரத்தில் பார்த்தாலும் அதனால் பெரிய பயன் இல்லை. நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி கோணத்தில் கீழ்நோக்கிப் பார்க்கும்போது பளபளப்பு அப்படியே அடங்கிவிடும். பில்டரைத் திருப்பித் திருப்பிப் பார், நீ விடமாட்டாய். வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப் போல குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), ஷட்டரைக் கவனித்துக்கொள்.

அந்தி அங்கேயும் நம்மூரைப் போலவே அவசரமாகப் போகும். நாம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம், மாலே 4 டிகிரியில்; இரண்டும் பூமத்திய ரேகைக்குப் பக்கம்தான். சூரியன் அதிகம் சாயாமல் ஏறக்குறைய நேராகக் கடலில் இறங்கும். அது மறைந்து இருபது நிமிடத்தில் வெளிச்சம் முடிந்துவிடும். சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போகாதே.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. நீ அனுப்பிய எந்தப் படத்திலும் படகு ஓட்டுகிற ஆள் இல்லை. கடல், தென்னை, மணல், உன் கூட்டுக்காரிகள், அவ்வளவுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்தெல்லாம் கடலில் போன பலர் திரும்பவில்லை. பிறகு அந்த வீட்டு ஆட்கள் படம் வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். கையில் வாக்காளர் அட்டை, இல்லையென்றால் யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம். கூட்டத்தின் கடைசி வரிசையில் பாதி மறைந்து நிற்கும் முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, பின்னால் நீலம் போட்டுக் கொடுத்தேன். ஒரு அம்மா, "இது அவன்தான், ஆனா அவன் இப்படி நிக்கமாட்டான்" என்று சொன்னாள். அவள் மகன் வலை இழுக்கிறபடியோ இஞ்சின் பக்கம் குனிந்தபடியோ ஒரு படம் எங்கும் இல்லை. இவ்வளவு நீளக் கடற்கரையில் கடலுக்குள் வேலை செய்கிறவனின் படம் அவன் வீட்டில் இல்லை. அது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

ஆகவே அந்தத் தோணியில் இருக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு அவர்களைப் படம் எடு. சுக்கான் பிடிக்கிறவர், நங்கூரம் போடுகிற பையன், சமைக்கிறவர். உச்சி வெயிலில் முகத்தை எடுக்காதே, கண் இருக்கும் இடம் குழியாக இருட்டிவிடும். கூரை நிழலுக்குள் வரச் சொல். கடலில் பட்டு எழும்பும் வெளிச்சம் கீழிருந்து முகத்தை நிரப்பும், பிளாஷ் வேண்டாம். பின்னால் கடல் பளிச்சென்று இருப்பதால் கேமரா ஏமாந்து முகத்தைக் கருப்பாக்கிவிடும்; வெளிச்ச அளவை முகத்தில் எடு, கடல் வெளிறினால் வெளிறட்டும். நம்மைப் போலக் கறுத்த ஆட்களுக்கு இதில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. வேலை செய்யும் கையையும் எடு.

கேமராவைக் காப்பாற்றுவது: ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும், பைக்குள்ளேயே மூடி அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்து பிறகு திற. உப்புத் தெறித்தால் காய்ந்த துணியால் தேய்க்காதே, உப்பு கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடு. படகில் லென்ஸ் மாற்றாதே. டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. எங்கள் காலத்தில் வறுத்த அரிசியைத் துணியில் கட்டிப் போடுவோம். தோணியிலிருந்து சின்னப் படகுக்கு இறங்கும்போது கேமராவை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் காலியாக இறங்கு.

அந்த ஆட்களின் படங்களை எனக்கு முழு அளவில் அனுப்பு, வாட்ஸாப்பில் வேண்டாம், சுருங்கிவிடும். யார் யார் என்று பெயரும் எழுது. நாலுக்கு ஆறில் நல்ல தாளில் ஆளுக்கு இரண்டாகப் போட்டு, இங்கிருந்து மாலே வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுகிறேன். நீ நேரில் போய்க் கொடு.

அப்பா