பேட்டரி விளக்கு எரிந்தால் பேட்டரியை மாற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கார் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில், மீட்டர் போர்டில் பேட்டரிக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தது. இதையே ஒரு பட்டறையில் சொல்லக் கேட்டு, நம்பி 5,500 ரூபாய் கொடுத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 1994 மாடல் அம்பாசடர், பெட்ரோல் வண்டி. 15 வருடம் முடிந்த பிறகும் 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்து ஓட்டி வருகிறேன். போன ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த விளக்கு மங்கலாக எரிய ஆரம்பித்தது. பகலில் தெரியாது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் வெற்றிலைச் சாறு நிறத்தில் தெரியும். பட்டறையில் வோல்ட் மீட்டர் வைத்தே பார்க்காமல் பேட்டரியை மாற்றினார்கள். ஒரே வாரத்தில் விளக்கு மறுபடியும் வந்தது. "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று பல்பைக் கழற்றிவிட்டார்கள்.

மதுரையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பினோம். சாத்தூர் தாண்டியதும் ஹெட்லைட் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ஹார்ன் கம்மியது. கயத்தாறுக்கு முன்னால் இன்ஜின் இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. செல்ஃப் போட்டால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூட்டுவலிக்காரியான என் மனைவி, லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்த ரோட்டோரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீசியனிடம் வண்டி போனது. "அண்ணாச்சி, இது பேட்டரி லைட் இல்ல, சார்ஜிங் லைட்டு" என்றார். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கருவிதான் ஆல்டர்னேட்டர். என் வண்டியில் இருக்கும் வகை ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான சின்ன மின்சாரமே அந்த பல்பு வழியாகத்தான் போகிறதாம். பல்பைப் பிடுங்கியதும் சார்ஜ் ஏறுவது நின்று, வண்டி முழுக்கப் பேட்டரியைத் தின்றே ஓடியிருக்கிறது.

மங்கலாக எரிந்ததற்கும் காரணம் சொன்னார். பல்பின் ஒரு பக்கம் பேட்டரியிலிருந்து சாவி வழியாக வருகிறது, மறுபக்கம் ஆல்டர்னேட்டரிலிருந்து. இரண்டு தொட்டியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் நடுக்குழாயில் ஓட்டம் இருக்காதல்லவா? அதுபோல இரு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால் பல்பு அணைந்திருக்கும். பல்பை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போட்டு அளந்தார். ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 வோல்ட், பேட்டரியில் 12.1. நடுவில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் எங்கே போகிறது என்று வயரைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையை வெடுக்கென்று எடுத்தார். சுட்டிருக்கிறது. ரப்பர் மூடியை விலக்கினால், வயர் நுனியில் பச்சைக் களிம்பு பூத்து, செம்பு இழைகளில் பாதி அறுந்து கிடந்தன. நுனியை வெட்டி, புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, ஆணியை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார். பேட்டரியில் 13.9 வோல்ட் வந்தது. விளக்கு அணைந்தது. கூலி 300 ரூபாய்.

எனவே அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால் அதுவும் கோளாறுதான். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் ஓடும்போது 14க்குப் பக்கத்தில் வர வேண்டும். 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் போதவில்லை. பெல்ட், வயர் நுனிகள், எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் வயர்), ஆல்டர்னேட்டருக்குள் தேய்கிற கார்பன் துண்டுகள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கும், அது புதுப் பேட்டரியையும் கொதிக்கவைத்துவிடும். அளந்து காட்டாமல் யார் பேட்டரி விற்க வந்தாலும் வாங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கட்டுரையைக் கத்தரித்து வண்டியில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். திருத்தம் அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் வந்தால்தான் அவர்கள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பாளையங்கோட்டை