அட்டியலைப் பற்பசையால் தேய்க்காதே

விசுவமடு
ஞாயிறு பின்நேரம்

அன்புள்ள மகள்,

அட்டியலைப் பற்பசையால் தேய்க்கவா என்று கேட்டு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்ன இது, பித்தளை மாதிரிக் கிடக்குது" என்றார். பித்தளை இல்லை, உன் அம்மம்மா கழுத்தில் போட்ட அதே கல் அட்டியல்தான். ஊத்தை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். போனில் சொன்னால் பாதியிலேயே "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தம்பி இதைப் படம் பிடித்து அனுப்புவான்.

முதலில் அந்தப் பற்பசையைக் கீழே வை. பல்லில் தேய்க்கிறோம்தானே, நகையில் தேய்த்தால் என்ன என்று கேட்கிறாய். பல்லின் மேற்பூச்சு தங்கத்தைவிட நல்ல கடினம். 22 கரட் தங்கமோ உன் நகத்தைவிடக் கொஞ்சம்தான் கடினம். பற்பசையில் ஊத்தையை உரசி எடுக்கவென்றே நைசான பொடி போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு மினுங்கும், பிறகு வெயிலில் பிடித்துப் பார், முகமெல்லாம் மயிர்க்கோடு. திருநீறு, உப்பு, தேங்காய்ப் பொச்சு எல்லாமே அப்படித்தான். அம்மியடியில் பாத்திரம் விளக்குகிற வேலை வேறு, இது வேறு.

தங்கம் மங்காது என்பார்கள். அது சுத்தத் தங்கத்துக்கு. நம்முடையது 22 கரட், நூற்றுக்கு 91.6 பங்குதான் தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். வியர்வை பட்டு நிறம் மாறுவது அந்த மீதிதான். அதற்கு மேல் பவுடர், சந்தனம், நீ பூசுகிற கிறீம் எல்லாம் சேர்ந்து இடுக்கில் மெழுகு மாதிரி உறைந்துவிடும்.

காப்பு, சங்கிலி, தாலிக்கொடி, கல் இல்லாத தோடு, இவற்றுக்கு ஒரே வழிதான். ஒரு கோப்பையில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், கோப்பை கழுவுகிற திரவச் சவர்க்காரம் இரண்டு சொட்டு. கால் மணித்தியாலம் ஊறவிடு. குழந்தைப்பிள்ளைகளின் பல் பிரஸ் ஒன்று வாங்கி, அதை நகைக்கென்றே வை. கொக்கி, வளையம் சேருகிற இடம், பதக்கத்தின் பின்பக்கம், இங்கேதான் ஊத்தை குடியிருக்கும். அழுத்தாமல் சுற்றிச் சுற்றித் தேய். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி, பழைய பருத்திச் சீலைத் துண்டால் ஒற்றியெடு. துடைக்கிறேன் என்று இழுத்தால் வளையம் விரியும். சின்க்கில் மட்டும் வைத்துக் கழுவாதே. உன் மாமி ஒரு சோடி தோட்டில் ஒன்றை அப்படித்தான் குழாய்க்குள் விட்டுவிட்டு, மற்றதை இன்னும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அதே வெள்ளை நகையிலும் காயும். அதனால் நான் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். அம்மம்மா பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை வரக் கசக்கி, அதில்தான் கல் இல்லாத நகையை எல்லாம் போடுவார். அதுவும் நல்லதுதான், உனக்கு அங்கே எங்கே கிடைக்கப் போகிறது.

அட்டியல் மட்டும் வேறு கதை. அதைத் தண்ணீரில் போடவே கூடாது. திருப்பிப் பார், கல்லுகளின் பின்பக்கம் தகடு வைத்து மூடியிருக்கும். உள்ளே அரக்கு. கல்லுக்கு அடியில் மினுக்கத் தாள் வைத்திருக்கிறது. சிவப்புக் கல் அப்படிச் சுடர் விடுவது அந்தத் தாளால்தான். உள்ளே தண்ணீர் போனால் தாள் கறுத்துக் கல் செத்துப்போகும். சூடு பட்டால் அரக்கு இளகிக் கல் விழும். தலைமயிர் காயவைக்கிற மெஷினைக் கிட்டவும் கொண்டுபோகாதே. கடையில் தண்ணீருக்குள் அதிரவைத்துக் கழுவுகிற பெட்டி இருக்கிறதாம் என்று சொன்னாயே, அதற்குள்ளும் இதைப் போடக் கூடாது. துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து, முன்பக்கத்தை மட்டும் துடை. பிறகு வெறும் ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. போடமுன் காதருகே பிடித்து மெல்ல ஆட்டு. கிலுகிலு என்றால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது. அப்படியென்றால் போடாதே.

பதக்கத்தின் இடுக்கில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, ஊசியால் கிண்டவா என்று கேட்டாய். கிண்டாதே. அது எங்கள் வளவு மண்.

2009 தை மாதம் சண்டையால் இங்கிருந்து வெளிக்கிட்டபோது, அட்டியலையும் உன் வெள்ளிக் கொலுசையும் பால்மா ரின்னில் போட்டு, சொப்பிங் பையால் சுற்றி, கிணற்றடி எலுமிச்சைக்குப் பக்கத்தில் தாட்டேன். தாலிக்கொடியும் சங்கிலியும் என் உள்பாவாடை மடிப்பில் வந்தன. 2010 கடைசியில் திரும்பி வந்தபோது எலுமிச்சை இல்லை. கிணற்றுக் கட்டிலிருந்து அடி அளந்து அப்பா வெட்டினார். மூன்றாவது இடத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. ரின் துரு பிடித்து அப்பளம் மாதிரி உடைந்தது. கொலுசு கரி. அட்டியல் மட்டும் மண்ணுக்குள் மஞ்சளாகவே கிடந்தது. பதக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு நெளிவு இருக்கிறதல்லவா, அது அப்பாவின் மண்வெட்டி பட்ட இடம். அதைத் தட்டி நேராக்கித் தருகிறோம் என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லு.

கொலுசை நான் முதலில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கறுப்பும் போனது, பூ வேலையும் பாதி போனது. பிறகுதான் பக்கத்து வீட்டு விஞ்ஞான ரீச்சர் வேறு வழி காட்டினார். பீங்கான் கோப்பைக்குள் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் வெள்ளி முட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா தூவி, கொதிதண்ணீர் விட வேண்டும். கூழ்முட்டை மணம் வரும், பயப்படாதே. வெள்ளியைக் கறுக்க வைத்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடுமாம். தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகும், இதில் வெள்ளி அங்கேயே நிற்கும். உன் மகளுக்கு அந்தக் கொலுசைப் போடுகிறாய் என்றால் இப்படிச் செய்துவிட்டு, நன்றாக அலசிப் போடு. கல் வைத்த வெள்ளிக்கு இது வேண்டாம்.

சரி, அந்த மூன்று பவுண் சங்கிலிக்கு என்ன நடந்தது என்று ஒருதரம் கேட்டாய், நான் கதையை மாற்றினேன். இப்போது சொல்லுகிறேன். நாங்கள் திரும்பி வந்து இரண்டு வருடம் இருக்கும். இரண்டு பொடியன்கள் சைக்கிளில் வந்தார்கள், நகை பொலிஷ் பண்ணித் தருவோம், நூறு ரூபாய் என்றார்கள். என் கண் முன்னாலேயே ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சங்கிலியைப் போட்டார்கள். சளசளவென்று நுரைத்தது. எடுத்துத் தந்தபோது புதுச் சங்கிலி மாதிரி. எனக்கு நல்ல சந்தோசம், தேத்தண்ணீரும் போட்டுக் கொடுத்தேன். பெரும்போக விதைப்புக்கு அடைவு வைக்கப் போனபோது தராசு 22 கிராம் சொல்லுது. மூன்று பவுண் என்றால் 24 கிராம். அந்தத் திராவகத்தில் தங்கம் கரையுமாம், கரைந்ததைப் பிறகு திரும்ப எடுக்கவும் முடியுமாம். மிச்சம் இரண்டு கிராமும் அவர்கள் கிண்ணத்தோடு போயிருந்தது. அப்பாவிடம் சொல்லவே எனக்கு ஒரு கிழமை எடுத்தது. ரொறன்ரோவில் சைக்கிளில் ஆள் வராது, தெரியும். ஆனால் கடையில் கொடுப்பதென்றாலும் முன்னும் பின்னும் நிறுத்து எழுதி வாங்கு. வெட்கப்படாதே.

அப்புறம், நீச்சல் குளத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போ. குளோரின், தட்டார் 'பற்று' வைத்து உருக்கி ஒட்டிய இடங்களைத்தான் முதலில் தின்னும். முத்துத் தோட்டை உடுத்து, சென்ட் அடித்து எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடு, வந்தவுடன் முதலாவதாகக் கழற்று. தேசிக்காய்ப்புளி, வினாகிரி ஒன்றும் முத்தில் படக் கூடாது, கரைந்துவிடும். எல்லா நகையையும் ஒரே பெட்டிக்குள் கொட்டி வைக்கிற பழக்கம் உனக்குச் சின்னனிலிருந்தே இருக்கிறது. உன் வைர மோதிரம் மற்ற எல்லாவற்றையும் கீறும். தனித்தனித் துணியில் சுற்று.

அம்மம்மா இந்த அட்டியலை வருடத்தில் ஒருநாள், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குத்தான் போடுவார். மற்ற நாளெல்லாம் றங்குப் பெட்டிக்குள். நான் அதுவும் போடவில்லை. நீ மச்சாளின் கலியாணத்துக்குப் போடு, படம் அனுப்பு, கழுத்து தெரிகிற மாதிரி எடு.

தோட்டின் சுரை தளர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார். இடது பக்கச் சுரை எனக்கே இரண்டு தரம் கழன்றது. வெளியில் மழை இருட்டுகிறது, முற்றத்தில் நெல் காயுது, அப்பா கூப்பிடுகிறார்.

அன்புடன்,
அம்மா