மலிவு போனுக்கு வராத சிப்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கெம்பஸ் கிடைத்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டிக்கோயாவில் விடாத மழை. அம்மா சுகமாக இருக்கிறார்.

புதிய வீடியோ கோடெக்குகளால், அதாவது வீடியோவைச் சுருக்கி அனுப்பிப் போனில் விரித்துக் காட்டும் முறைகளால், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு மச்சான். ஆனால் அது சிப் செய்கிறவர்கள் கையில் இருக்கிறது.

பக்கத்து லயத்தில் ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளை ஒருத்தி ஒன்லைனில் கணித வகுப்புப் பார்க்கிறாள். சிக்னல் ஒரு கோடுதான். கரும்பலகையில் இருப்பது 3-ஆ 8-ஆ என்றே தெரியாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. குறைந்த டேட்டாவில் தெளிவான படம் அவளுக்குத்தான் முதலில் வேண்டும்.

இன்றும் பரவலாக ஓடும் எச்.264 என்ற கோடெக் வந்தது 2003-இல். பத்து வருடம் கழித்து வந்த எச்.265 ஏறக்குறையப் பாதி டேட்டாவிலேயே அதே தெளிவைக் கொடுத்தது. ஆனால் காப்புரிமைக்காரர்கள் பல குழுக்களாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் பணம் கேட்டதால் இணையத்தில் அது எதிர்பார்த்தபடி பரவவில்லை. அந்தக் கசப்பில்தான் கூகுள், நெட்ஃபிளிக்ஸ், மொசில்லா, இன்டெல் எல்லாம் 2015-இல் கூட்டணி சேர்ந்தன. 2018-இல் உரிமைக் கட்டணம் கேட்காமல் ஏவி1 என்ற கோடெக்கை வெளியிட்டன.

சரி, கோடெக் வந்தால் மட்டும் போதுமா? எவ்வளவுக்கெவ்வளவு சுருக்குகிறோமோ, விரிக்கும்போது அவ்வளவு கணக்குப் போட வேண்டும். அதற்கென்று சிப்புக்குள் தனிச் சுற்று இருந்தால் போன் சுலபமாகக் காட்டிவிடும். இல்லாவிட்டால் எல்லாப் பாரமும் புரொசசர் தலையில். போன் சுடும், வகுப்பு முடியுமுன் சார்ஜ் இறங்கிவிடும். தனிச் சுற்றுக்குச் சிப்பில் இடம் வேண்டும், இடம் என்றால் செலவு. அதனால் அது விலை கூடிய போனிலிருந்துதான் மெதுவாகக் கீழே இறங்குகிறது. ஆப்பிளே 2023-இல் ஏ17 புரோ சிப்பில்தான் ஏவி1 சுற்றை வைத்தது.

2020-இல் எச்.265-க்கு அடுத்ததாக எச்.266 வந்தது. இன்டெல் 2024-இல் அதை லேப்டொப் சிப்பில் சேர்த்தது. கூட்டணிக்காரர்களோ ஏவி1-க்கு அடுத்ததான ஏவி2 பக்கம் போய்விட்டார்கள். நல்ல சிக்னலும் நல்ல போனும் உள்ளவனுக்கே எல்லாம் முதலில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதிதைத் துரத்துவதைவிட ஏவி1-ஐ மிக மலிவான சிப்பிலும் வைப்பதுதான் இப்போதைக்கு முக்கியம்.

போன் இறக்குமதி செய்யும் இடத்தில்தானே வேலை செய்கிறாய். அடுத்த ஓடரில் கமெராவுக்கு எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதோடு, ஏவி1 டிகோடர், அதுதான் அந்த விரிக்கும் சுற்று, சிப்பிலேயே இருக்கிறதா என்றும் கேள். விலை குறைந்த மொடல்களுக்குக் கட்டாயம் கேள். அப்படி ஏதாவது கிடைத்தால் பெயரை எனக்கு எழுது, இங்கே பெற்றோரிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்