குப்பை அல்ல, கேரியேஜ் ரிட்டர்ன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கணினிப் பக்கத்தில், ஒரு வரியை முடிக்க இரண்டு குறிகள் எதற்கு என்று கேட்ட கட்டுரையாளர், 'கேரியேஜ் ரிட்டர்ன்' என்பதைத் தட்டச்சுக் காலத்துக் குப்பை என்று எழுதிவிட்டார். அந்தக் குப்பையைக் கிளறித்தான் நான் இருபது ஆண்டு சோறு சாப்பிட்டேன். அதனால் இந்தக் கடிதம்.

1974இல் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் தகவல் தொடர்புப் பிரிவில், கம்பி வழியே வரும் செய்தியைத் தாளில் தானே அடிக்கும் டெலிபிரிண்டர் பொறியை இயக்கச் சேர்ந்தவன் நான். தட்டச்சுப் பொறியில் ஒரே நெம்புகோலைத் தள்ளினால் நகரும் பகுதியான கேரியேஜும் திரும்பும், தாளும் ஏறும். டெலிபிரிண்டரில் அது நடக்காது. கேரியேஜை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர ஒரு சாவி, அதுதான் கேரியேஜ் ரிட்டர்ன், சுருக்கமாகக் கேரியேஜ் என்போம்; தாளை ஒரு வரி ஏற்ற வேறொரு சாவி, அது லைன் ஃபீட். எங்களுக்கு விதி: இரண்டு கேரியேஜ், ஒரு லைன் ஃபீட். ஒரு வரிக்கு 69 எழுத்துக்கு மேல் கூடாது.

கேரியேஜ் ஏன் இரண்டு? 50 பாட் (விநாடிக்கு 50 மின்துடிப்பு) வேகத்தில் ஓர் எழுத்துக்கு 150 மில்லி விநாடி. வரியின் கடைக்கோடியில் நிற்கும் கேரியேஜ் தொடக்கத்துக்கு ஓடிவர அந்த நேரம் போதாது. அதற்குள் அடுத்த எழுத்து வந்துவிட்டால், பாதி வழியில் அது தாளின் நடுவே பதிந்துவிடும். இரண்டாவது கேரியேஜும் லைன் ஃபீடும் வாங்கித்தந்த அவகாசத்தில்தான் பொறி மூச்சு வாங்கியது. பிற்பாடு கணினிக்காரர்கள் டெர்மினலாக, அதாவது கணினியோடு பேசும் முனையாக எடுத்துக்கொண்ட டெலிடைப் 33 பொறி விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அதற்கும் இதே தொல்லைதான். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் கேரியேஜுக்கு 13, லைன் ஃபீடுக்கு 10 என்று தனித்தனி எண் இருப்பது யாருடைய பிடிவாதத்தாலும் அல்ல. அவை இரண்டு வேலைகள்.

பொறிதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்கலாம். போன மாதம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் பேரன் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறான். கணினிகளை இணைக்கும் பழைய ஸ்விட்ச் பெட்டிகளில், தொலைவிலிருந்தே கட்டளையிட உதவும் டெல்நெட் வழியாக நுழைந்து, அவை கொட்டுவதையெல்லாம் கோப்பில் சேமிக்கும் நிரல் ஒன்றை எழுதியிருந்தான். ஸ்விட்ச் அனுப்பிய பெயரும் பட்டியலில் இருந்த பெயரும் கண்ணுக்கு ஒன்றேதான். நிரலோ இரண்டும் வேறு என்று சாதித்தது. பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு 'பட்டியலில் இல்லை' என்று ஆங்கிலத்தில் காட்டச் சொல்லியிருந்தான். திரையில் வரியின் முதல் இடத்திலேயே மூடும் அடைப்பு உட்கார்ந்திருந்தது. பெயரின் வால் மட்டும் வரிக் கடைசியில் எட்டிப் பார்த்தது.

இரவு பத்தரை மணி. பால் குடிக்க எழுந்த நான் அவன் தோளுக்கு மேலே பார்த்தேன். "கேரியேஜ் விழுந்திருக்கிறது, லைன் ஃபீட் விழவில்லை" என்றேன். எங்கள் தாளில் இப்படி நடந்தால் எழுத்தின்மேல் எழுத்து ஏறிக் கறுப்புத் தீற்றலாகிவிடும். திரையோ பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதியதைக் காட்டுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. பெயரின் கடைசியில் ஒரு 13 ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

டெல்நெட்டுக்கு 1983இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய விதி, ஆர்.எஃப்.சி. 854 என்ற இணைய ஆவணம், இதைத் தெளிவாகச் சொல்கிறது. கம்பியில் வரி முடிவென்றால் 13, 10 இரண்டும் வர வேண்டும். வெறும் கேரியேஜ் மட்டும் வேண்டுமென்றால் 13க்குப் பின் 0 வர வேண்டும். அந்தப் பூஜ்யம், செய்தியைத் துளைகளாகப் பதித்த எங்கள் காகித நாடாவில் துளையே இல்லாத வெற்றிடம். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வேறு வழி எடுத்தது: கோப்புக்குள் 10 மட்டும், டெர்மினலுக்கு அனுப்பும்போது 13ஐ அதன் டெர்மினல் இயக்கி சேர்த்துக்கொள்ளும். அந்தச் சேர்க்கையை யாராவது நிறுத்திவிட்டால், ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திலிருந்தே தொடங்கி, எழுத்து மாடிப்படி இறங்குவதுபோல் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். அதையும் பேரன் எனக்குக் காட்டினான். வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவன் முதலில் செய்த வைத்தியம், துண்டு துண்டாக வரும் தரவில் ஒவ்வொரு துண்டிலும் 13, 10 சேர்ந்திருக்கும் இடத்தை 10 ஆக்குவது. ஐந்நூறு வரிக்கு ஒன்று அப்போதும் தப்பியது. இணைப்பு வழியே வருவது ஓடை; துண்டு எங்கே வெட்டுப்படும் என்பது நம் கையில் இல்லை. 13 ஒரு துண்டின் கடைசியில், 10 அடுத்த துண்டின் முதலில் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. நாடா அறுந்து ஒட்டிய இடத்தில் நாங்கள் எப்படிப் படிப்போமோ அப்படிப் படி என்றேன்: 13ஐக் கண்டதும் தீர்ப்புச் சொல்லாதே, அடுத்ததையும் பார். 10 வந்தால் வரி முடிந்தது. 0 வந்தால் அது தனிக் கேரியேஜ். பூஜ்யத்தை மட்டும் எறி. மறுநாள் அப்படியே மாற்றி எழுதினான்.

தனிக் கேரியேஜை எறிந்துவிடலாமே என்றும் கட்டுரையாளர் சொல்வார். கோப்பு பதிவிறங்கும்போது ஒரே வரியில் நின்றபடி 41, 42, 43 என்று விழுக்காடு ஏறுகிறதே, அதைப் பெரும்பாலும் செய்வது அந்த 13தான். அதை எறிந்தால் நூறு எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எனவே 'குப்பை' என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இல்லையென்றால் என் இரண்டாம் பத்தியைச் சுருக்கிக்கொள்ளலாம். 69 எழுத்துக் கணக்கை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பேரன் மின்னஞ்சலில் அனுப்புகிறான். அஞ்சல் சேவையகங்கள் தமக்குள் கடிதத்தைக் கைமாற்றும்போது ஒவ்வொரு வரியையும் இன்றைக்கும் 13, 10 என்றே முடிக்கின்றன. கடிதம் தீர்ந்தது என்று சொல்ல வழக்கமாகத் தனி வரியில் ஒரு புள்ளி வைக்கின்றன. அதற்கு நாங்கள் ஆங்கில எழுத்து 'என்'னை (N) நான்கு முறை அடிப்போம்.

ஓய்வுபெற்ற டெலிபிரிண்டர் இயக்குநர்,
பம்மல், சென்னை.