"மனமிருந்தால் பாலுண்டு" என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கைக்குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்குமான பொருட்களை விற்கும் தங்கள் நிறுவனம், ஆகஸ்டு முதல் வாரத்தில், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி எங்கள் பகுதியில் நடத்திய விளம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆம்பூருக்குள் நுழையும் இடத்தில் வைத்த பலகையும், எங்கள் தொழிற்சாலை வாயிலில் வந்து நின்ற வண்டியும், பால் உறிஞ்சும் பம்ப்புக்குக் கொடுத்த தள்ளுபடிச் சீட்டும், அன்று எங்களிடம் எழுதி வாங்கிய கைப்பேசி எண்களும் தாங்கள் அறிந்தவையே. அவை எல்லாவற்றிலும், அதன் பிறகு வந்த ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் இடம்பெற்ற "மனமிருந்தால் பாலுண்டு" என்ற வாசகத்தைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் பேரணாம்பட்டு வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையில், செக்கிங் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை. காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி அருகே வந்து ஏற்றிக்கொள்ளும் கம்பெனி பேருந்து, மாலை ஏழு மணிக்குத்தான் அதே இடத்தில் இறக்கிவிடும். மகப்பேற்று விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே கால் வீங்கி நிற்க முடியாமல் போனதால் அதில் ஒரு மாதம் அப்போதே கழிந்துவிட்டது. ஆகவே மகளுக்கு ஐந்து மாதம் நிறைந்தவுடன் வேலைக்குத் திரும்பினேன். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் சொல்லி அனுப்பியிருந்தார். அது எனக்கும் தெரியும். என் உடம்புக்கும் தெரிந்திருந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பத்தரை மணிக்கெல்லாம் மார் கட்டிக்கொண்டது. ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணி நனைந்து, மேலே போட்டிருந்த நீலக் கோட்டிலும் ஈரம் வட்டமாகத் தெரிந்தது. லைனில் ஷூக்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தையல் பிசகியிருக்கிறதா, ஒட்டும் சொல்யூஷன் கறை படிந்திருக்கிறதா, ஜோடியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும், ஒருத்தி எழுந்து போனால் அங்கே குவிந்துவிடும். மதிய உணவுக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவேன். தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதால் தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். உள்ளே உட்கார இடமில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றபடியே பாலைப் பீய்ச்சி விடுவேன். தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் விடக் கூடாது, செடியின் வேரில்தான் விட வேண்டும் என்பாள் என் அம்மா. வீட்டில் அதற்கென்று கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. அங்கே இருப்பது சாக்கடைத் துளை ஒன்றுதான். வெள்ளையாக ஓடி அந்தத் துளைக்குள் இறங்கும் பாலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வருவேன். அதே நேரத்தில் வீட்டில் என் மகளுக்கு மாமியார் டப்பா பால் கரைத்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் தங்கள் பம்ப்பை வைத்து நான் என்ன செய்வது என்று கேட்கிறேன். அதன் விலை எங்கள் ஒரு வாரக் கூலியைத் தின்றுவிடும் என்பதை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். உட்கார ஓர் இருக்கையும், தாழிடக் கூடிய ஒரு கதவும், கழுவி வைக்கச் சுத்தமான தண்ணீரும், எடுத்த பாலை வைக்கக் குளிர்பதனப் பெட்டியும் இருந்தால்தான் அந்தக் கருவிக்குப் பயன் உண்டு. பீய்ச்சிய பாலை ஏறக்குறைய 25 பாகை வெப்பமுள்ள அறையில் நான்கு மணி நேரம் வைத்திருக்கலாம் என்கிறார்கள். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சென்னையிலிருப்பவர்களுக்கும் தெரியும். எங்கள் கூடத்துக்கு மேலே இருப்பது தகரக் கூரை. மதிய இடைவேளையில் எடுத்த பால் இரவு ஏழு மணிக்கு என் மகளின் வாய்க்குப் போகத் தகுந்ததாக இருக்காது. தாங்கள் அன்று சீட்டுக் கொடுத்த பெண்களில் எவருக்காவது இந்த வசதிகள் இருக்கின்றனவா என்று வாயிலில் நின்ற தங்கள் ஆட்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை.

பால் மனத்தால் சுரப்பது அன்று. குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ, எவ்வளவு காலியாகிறதோ, அதற்கேற்பத்தான் மேலும் சுரக்கும். நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் குழந்தையைப் பிரிந்து, ஒருமுறை மட்டும் பதற்றத்தோடு பீய்ச்சி விடும் தாய்க்குப் பால் குறையத்தான் செய்யும். எனக்கும் குறைந்தது. அதற்கும் என் மனத்துக்கும் தொடர்பில்லை என்பதை மகப்பேற்று மருத்துவமனையில் வேலை செய்யும் எவரிடம் கேட்டாலும் தங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் தங்கள் வாசகம் வேறு விதமாகச் சொல்லிவிட்டது. நான் வீட்டுக்கு எடுத்துவந்த துண்டுப் பிரசுரத்தை என் மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் கெட்டவர் அல்லர்; என் மகளைப் பகல் முழுவதும் இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்ப்பவர் அவர்தான். "மனசு இருந்தா பால் வரும்னு கம்பெனிக்காரனே எழுதிகீறான், உனுக்கு மட்டும் ஏன்மா வரல?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அச்சில் வந்ததை நம்புகிறவர் அவர். அன்றிரவு மகளை மார்பில் போட்டுக்கொண்டு நான் அழுததற்குத் தங்கள் நான்கு அங்குலத் தாளே காரணம். பழமொழி ஒன்றை வளைத்து எழுதியது தங்களுக்கு அழகாகத் தோன்றியிருக்கலாம். பால் வற்றிய ஒவ்வொரு தாயையும் மனமில்லாதவள் என்று அது சொல்கிறது. அதனால்தான் அதை எடுத்துவிடச் சொல்கிறேன்.

எங்கள் தையல் பிரிவில் ஒருத்தி, குழந்தையை நாற்பதாம் நாள் பறிகொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். தங்கள் ஆட்கள் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டபோது பதில் சொல்ல வாயெழாமல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கும் அதே குறுஞ்செய்தி வாரம் தவறாமல் வருகிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாய்ப்பால் மாற்று உணவுகள், பாலூட்டும் புட்டிகள் ஆகியவற்றுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டம், புட்டிகளை விளம்பரம் செய்வதையும், அவற்றை விற்கும் நோக்கத்தோடு கர்ப்பிணிகளையும் கைக்குழந்தையின் தாயையும் அணுகுவதையும் தடை செய்கிறது. தாங்கள் விளம்பரப்படுத்தியது பம்ப்பைத்தான் என்பீர்கள். ஆனால் பலகையில் குழந்தையின் வாயில் இருப்பது தங்கள் பெயர் பொறித்த புட்டி. அது அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்பதைத் தங்கள் வழக்கறிஞர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இதே சட்டத்தின்படி மாவுப் பால் டப்பாவில் தாயின் படமோ குழந்தையின் படமோ போடக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். என் சமையலறை அலமாரியில் இருக்கும் அந்த டப்பா என்மேல் எந்தப் பழியும் போடுவதில்லை.

தங்கள் பலகையில் இருக்கும் தாய் கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகத்தில், மடிக்கணினிக்கு முன்னால், வெள்ளை உடையில், கறை ஒன்றும் படாமல் அமர்ந்திருக்கிறாள். அப்படிப்பட்ட பெண்களும் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கும் கஷ்டங்கள் உண்டு. ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களும், குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களும் தங்கள் கண்ணில் படவே இல்லை. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தபோது என் அக்கா, அவள் மகனுக்கு அப்போது மூன்று மாதம், வேலூர்ப் பேருந்து நிலையத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பால் கொடுத்ததை இன்றும் சொல்வாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஓர் அறை. 2017இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. எங்கள் தொழிற்சாலையிலும் தொட்டில் கட்டிய அறை ஒன்று இருக்கிறது. கைக்குழந்தையைக் காலையும் மாலையும் ஒன்றரை மணி நேரம் நெரிசல் பேருந்தில் கொண்டுவர யாருக்கும் துணிவில்லாததால் அது பூட்டியே கிடக்கிறது. இவை தங்கள் நிறுவனம் தீர்க்க வேண்டிய குறைகள் அல்ல என்பதை உணர்கிறேன். நிர்வாகத்திடம் நாங்கள் தனியே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். தங்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது.

அருள்கூர்ந்து அந்த வாசகத்தைப் பலகையிலிருந்தும் தாள்களிலிருந்தும் செய்திகளிலிருந்தும் நீக்குங்கள். அன்று வாயிலில் வாங்கிய எண்களை, முதலில் என் தோழியின் எண்ணை, அழித்துவிடுங்கள். அடுத்த விளம்பரத்தை எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வாருங்கள். பத்துத் தாய்மார்களை நானே அழைத்துவருகிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை நாட்களில் பகலில் அழைத்தால் என்னால் பேச முடியாது. கைப்பேசிகளைக் காலையிலேயே வாயிலில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். தங்கள் குறுஞ்செய்திகள் பதினொரு மணிக்கு வருகின்றன. நான் அவற்றை மாலை ஐந்தரைக்கு, நனைந்த கோட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்த பிறகுதான் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஏழு மாதக் குழந்தையின் தாய்,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்