கதவைத் திறந்துவிடுவது யாருக்காக

அன்புள்ள மகனுக்கு,

நேற்றுப் போனில் நீ கோபமாக இருந்தாய், அதனால் நான் அதிகம் வாயைத் திறக்கவில்லை. கூட வேலை பார்க்கும் பெண் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நீ ஓடிப்போய் வாங்கிக்கொள்ளப் பார்த்தாய், அவள் "பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்" என்றாள். நடந்தது இவ்வளவுதான். அதற்கு நீ, "ஷிவல்ரியெல்லாம் செத்துப்போச்சும்மா, இனிமேல் யாருக்கும் எதுவும் செய்யப்போறதில்லை" என்று சபதம் போடுகிறாய். அவள் சொன்னதில் எனக்குத் தப்பொன்றும் தெரியவில்லை. உன் முகம் சுருங்கியதுதான் உறுத்துகிறது. நீட்டிய உதவியை ஒருவர் வேண்டாம் என்றதும் கோபம் வருகிறதென்றால், அதில் பாதியை நீ உனக்காகத்தான் நீட்டியிருக்கிறாய்.

சரி, செத்துப்போனதாக நீ சொல்லும் அந்த ஷிவல்ரி, அதாவது பழைய குதிரை வீரர்களின் பெருந்தன்மை, உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். சரித்திரம் நடத்திப் பழகிய வாய், பொறுத்துக்கொள்.

சினிமாவில் வருகிற மாதிரி அது பெண்ணின் கையில் முத்தமிடுவதில் தொடங்கவில்லை. பத்தாம் நூற்றாண்டு பிரான்சில் குதிரையும் வாளும் வைத்திருந்தவர்களைக் கேட்க ஆளில்லை. குடியானவனின் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், தேவாலயத்தைக் கொள்ளையடித்தார்கள். 989இல் ஷாரு என்ற இடத்தில் பிஷப்புகள் கூடி, ஏழைகளின் கால்நடையைப் பறிப்பவனையும் ஆயுதமில்லாத குருமாரை அடிப்பவனையும் திருச்சபையிலிருந்து விலக்கி வைப்போம் என்று அறிவித்தார்கள். பின்னால் வந்த வீரர் ஒழுக்கத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பலம் உள்ளவன் இஷ்டத்துக்கு ஆடாமல் இருக்க அவன் வாயில் மாட்டிய கடிவாளம் அது. பூவும் கவிதையும் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.

கடிவாளம் நன்றாக வேலை செய்த இடங்களும் உண்டு. 1356இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் ஜானை இங்கிலாந்து இளவரசன் எட்வர்ட் சிறைபிடித்தான். 'கறுப்பு இளவரசன்' என்பார்களே, அவன்தான். அன்று இரவு விருந்தில் தோற்ற மன்னனை உட்காரவைத்து, தான் உட்கார மறுத்து, நின்றுகொண்டே பரிமாறினான் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார் எழுதிவைத்திருக்கிறார். அந்த மன்னனும் லேசுப்பட்டவன் இல்லை. விடுதலையாகிப் போன பிறகு, தனக்காகப் பிணையாக இருந்த மகன் தப்பி ஓடிவிட்டான் என்று தெரிந்ததும், கொடுத்த வாக்கு கெட்டுவிட்டதே என்று தானே மறுபடி லண்டனுக்குப் போனான். 1364இல் அங்கேயே செத்தான். படிக்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

ஆனால் அதே எட்வர்ட் 1370இல் லிமோஜ் நகரத்தைப் பிடித்தபோது, மண்டியிட்டுக் கெஞ்சிய ஆண், பெண், குழந்தைகளை வெட்டச் சொன்னான், 3,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்று எழுதியதும் அதே ஃப்ருவாசார்தான். அந்த எண்ணிக்கை மிகவும் கூடுதல் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். பிடிபட்ட மன்னனுக்குப் பரிமாறிய கதையையும் சாதாரண ஜனம் வெட்டுப்பட்ட கதையையும் ஒரே மனிதர் எழுதினார், எழுதியவருக்கு இரண்டுமே நம்பக்கூடியதாக இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பிடிபட்ட மன்னனுக்கு மீட்புத்தொகை 30 லட்சம் பொற்காசு பேசப்பட்டது. பிடிபட்ட குடியானவனுக்கு யார் காசு கொடுப்பார்கள்? அந்தக் காலத்துப் பெருந்தன்மை பெரும்பாலும் சமமானவர்களுக்குள் ஓடிய ஒரு கொடுக்கல் வாங்கல். வட்டத்துக்கு வெளியே இருந்தவனுக்கு அது கிடையாது.

நம் பழம்பாட்டிலும் இந்த வட்டம் உண்டு. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் பாண்டிய மன்னன் முதுகுடுமிப் பெருவழுதி போருக்கு முன்னால், பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும், இன்னும் பிள்ளை பெறாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அடிப்பதாகப் புகழ்கிறார் நெட்டிமையார். சொல்லிவிட்டு அடிப்பது பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தப் பட்டியலில் பேர் இல்லாதவர்களைப் பற்றி வகுப்பில் பிள்ளைகள் கேட்டதுண்டு. நல்ல கேள்வி.

அதைவிட எனக்குப் பிடித்தது ஐம்பதாம் பாட்டு. மோசிகீரனார் என்ற புலவர் களைத்துப்போய் வந்து, அரண்மனையில் முரசு வைக்கும் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள், பூப்போட்ட கட்டில் மெத்தென்று இருந்தது. முரசு கட்டிலில் ஏறியவனை வெட்டலாம் என்பது அக்காலத்து நியாயம். சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்கவில்லை, விசிறியை எடுத்துத் தூங்குகிறவருக்கு வீசிக்கொண்டு நின்றான். இதில் நான் கவனிக்கிறது ஒன்று. அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். நன்றி சொல்ல அவர் விழித்திருக்கவில்லை. புலவர் பாடிவைத்ததால் நமக்குத் தெரிகிறது, பாடாமல் போயிருந்தாலும் காற்று காற்றுதானே.

1530இல் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் சிறுவர்களுக்காக நல்ல நடத்தை பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். மூக்கைச் சட்டைக் கையில் துடைக்காதே என்பதுபோல அன்றாடச் சமாச்சாரங்கள்தான் அதில் நிறைய. ஆனால் கடைசிப் பகுதியில், நீ தப்புச் செய்யாமல் இரு, மற்றவர் செய்யும் தப்பைச் சுலபமாக மன்னித்துவிடு, நாகரிகத்தில் பெரும்பகுதி அதுதான் என்கிறார். விசிறி வீசிய அரசனை அவருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பிள்ளைக்குக் கடிதம் எழுதி நாகரிகம் கற்றுக்கொடுக்கப் பார்த்த அப்பாக்களில் பேர் போனவர் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் பிரபு. மகனுக்கு 400க்கும் மேற்பட்ட கடிதங்கள். எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது, சத்தமாகச் சிரிக்காதே, அது முட்டாளின் அடையாளம் என்று ஒன்று விடவில்லை. (நீ சிரித்தால் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும், அப்படியே இரு.) பெண்களைப் பற்றி அவர் சொன்ன பாடம் என்ன தெரியுமா? அவர்கள் வளர்ந்த குழந்தைகள், அவர்களோடு விளையாடு, முகஸ்துதி செய், முக்கியமான காரியத்தில் மட்டும் கலந்து ஆலோசிக்காதே. நாற்காலியை இழுத்துப் போட்ட கையின் அடியில் இப்படியும் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. கடைசியில் 1768இல் அந்த மகன் இறந்துபோனான், அப்புறம்தான் அவனுக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது அப்பாவுக்குத் தெரியவந்தது. அத்தனை கடிதம் எழுதியவரிடம் அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. நீ கோபமாகவாவது எனக்குப் போன் பண்ணுகிறாயே, எனக்கு அது போதும்.

ஷிவல்ரி காலம் முடிந்துவிட்டது என்று உனக்கு முன்னாலேயே 1790இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் புலம்பிவிட்டார். இரண்டு வருஷத்தில் ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமை பற்றி எழுதிய புத்தகத்தில் இதையும் ஒரு பிடி பிடித்தார். இரண்டடி நகர்ந்தால் ஒரு பெண் தானே செய்யக்கூடிய வேலை, கைக்குட்டையை எடுப்பதற்கோ கதவை மூடுவதற்கோ ஓர் ஆண் பதறியடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்கிறார். கைக்குட்டை மேல் அவருக்கு என்ன கோபம்? படிப்பும் சொத்தும் பேச்சும் கொடுக்காதவர்கள் கைக்குட்டையை மட்டும் பணிவாக எடுத்துக் கொடுத்தார்கள், அந்தக் கோபம்.

"பெண்களும் குழந்தைகளும் முதலில்" என்று கப்பலில் வழிவிட்டார்களே, அது பொய்யா என்று நீ கேட்பாய். பொய் இல்லை. 1852இல் தென்னாப்பிரிக்கக் கரையோரம் பர்க்கன்ஹெட் என்ற படைக்கப்பல் மூழ்கியபோது, சிப்பாய்கள் மேல்தளத்தில் அணிவகுத்து நின்றார்கள். பெண்களும் குழந்தைகளும் படகில் தப்பினார்கள், நானூறுக்கும் மேற்பட்ட ஆண்கள் இறந்தார்கள். 1912இல் டைட்டானிக்கில் பெண்களில் நான்கில் மூன்று பங்குபோலப் பிழைத்தார்கள், ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான். ஆனால் கணக்கை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார். முதல் வகுப்புப் பெண்களில் 97 சதவீதம் பேர் தப்பினார்கள், மூன்றாம் வகுப்புப் பெண்களில் பாதிகூட இல்லை. மறுபடி அதே வட்டம். 2012இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 18 கப்பல் விபத்துகளை எடுத்துப் பார்த்தார்கள். பொதுவாகப் பெண்கள் பிழைத்த விகிதம் ஆண்களுடையதில் ஏறக்குறைய பாதிதான், அதிகம் பிழைத்தவர்கள் கப்பல் ஊழியர்கள். பர்க்கன்ஹெட்டும் டைட்டானிக்கும் விதிவிலக்கு. கேப்டன் உத்தரவு போட்ட கப்பல்களில் பெண்களின் நிலைமை மேலாக இருந்தது. ஆக, ஆண்களின் ரத்தத்தில் ஊறிய பெருந்தன்மை என்பதெல்லாம் சும்மா. பொறுப்பில் இருந்த ஒருவர் ஒழுங்கை உண்டாக்கினார், மற்றவர்கள் அதன்படி நின்றார்கள்.

உன்னை நான் பார்ப்பதும் அந்த இடத்தில்தான். உனக்குக் கீழே இப்போது ஆட்கள் வேலை செய்கிறார்கள். மீட்டிங்கில் ஒரு பெண்ணுக்கு நாற்காலி இழுத்துப் போடுவது சுலபம். அவள் பேசும்போது இன்னொருவன் குறுக்கே புகுந்தால் "அவங்க முடிக்கட்டும்" என்று சொல்கிறாயா? அவள் சொன்ன யோசனையை அரை மணி நேரம் கழித்து வேறொருவன் தன்னுடையதாகச் சொன்னால், இது அவள் சொன்னது என்று எல்லோர் முன்னாலும் ஞாபகப்படுத்துகிறாயா? இதைச் செய்தால் உனக்குக் கொஞ்சம் சங்கடம் வரும், சில பேருக்கு உன்னைப் பிடிக்காமல் போகும். கதவைத் திறந்துவிடுவதில் இந்தச் செலவு கிடையாது, அதனால்தான் எல்லோரும் கதவைத் திறக்கிறார்கள்.

கதவைத் திறக்காதே என்று சொல்லவில்லை. தாராளமாகத் திற. பின்னால் வருவது ஆணா பெண்ணா, மேலதிகாரியா கூட்டிப் பெருக்குகிறவரா என்று பார்க்காமல் திற, கை நிறையச் சாமானோடு வருகிற பையனுக்கும் திற. யாருக்கும் அது உறுத்தாது. பெட்டியைப் பிடுங்குவதற்கு முன்னால் "பிடிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேள், வேண்டாம் என்றால் சரி என்று உன் வேலையைப் பார். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் இது இன்னும் முக்கியம். கேட்காமல் பின்னாலிருந்து தள்ளுவது, நடந்துபோகிறவரை அவர் கேட்காமலே தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம்.

ராத்திரி ஆளில்லாத தெருவில் உனக்கு முன்னால் ஒரு பெண் தனியாக நடந்துபோகிறாள் என்று வை. நீ நல்லவன் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. துணைக்கு வரட்டுமா என்று கிட்டே போகாதே. எதிர்ப்பக்கம் போய்விடு, அல்லது கொஞ்சம் நின்று அவள் போன பிறகு நட. இதற்கு யாரும் உனக்கு நன்றி சொல்லப்போவதில்லை, அவளுக்கு நீ செய்தது தெரியக்கூடத் தெரியாது. பழைய வீரர்களின் ஒழுக்கத்தில் எது மிச்சம் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். உன் கையில் பலம் இருக்கிறது, அதை அடுத்தவர் பயப்படாதபடி வைத்துக்கொள்.

மற்ற சின்னச் சின்ன விஷயங்கள் உனக்கே தெரியும். ஒருவர் பேசும்போது போனைக் கவிழ்த்து வை. சொன்ன நேரத்துக்குப் போ. முகம் தெரியாதவர்களோடு எழுத்தில் சண்டை போடும்போது, அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் இதே வார்த்தையைச் சொல்வாயா என்று பார்த்துவிட்டு அனுப்பு. மன்னிக்கப் பழகு என்று எராஸ்மஸ் சொன்னதற்காக, கீழே இருப்பவர்களை ஒருவன் மிரட்டுவதையும் சகித்துக்கொள்ளாதே. உன் காலை மிதித்தவனை மன்னிக்கலாம். அடுத்தவன் காலை மிதிக்கிறவனை மன்னிக்க உனக்கு உரிமை இல்லை.

கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். கப்பல் கணக்கு ஜாஸ்தி என்றார். அவர் ஒன்று சேர்க்கச் சொன்னார். உங்கள் ஆபீசில் ஆள் எடுத்தீர்களே, தேர்வாகாதவர்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள், எழுத நேரமில்லை என்று போன மாதம் நீ சொன்னதை அவர் மறக்கவில்லை. "இல்லை" என்பதற்கும் பதில் போட வேண்டும் என்கிறார், அதையும் பேர் போட்டு எழுத வேண்டுமாம். இந்த வாரமே எழுதி அனுப்பிவிட்டு அவருக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா